'கிஃப்ட்' தற்செயல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் 'கிஃப்ட்' ஜெர்மனில் நஞ்சைக் குறிக்கிறது என்று சென்ற இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரை சொல்கிறது. அதுவரை சரி. 'இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எழுத்து ஒத்துப்போனது தற்செயல்' என்று முடித்திருப்பதுதான் தவறு. இரண்டும் 'கொடு' என்ற பொருளுள்ள ஒரே பழைய ஜெர்மானிய வேரில் பிறந்தவை.

ஜெர்மனிலும் அது முதலில் 'கொடுப்பது' என்றே வழங்கியது. மணப்பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு அங்கே இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர்.

அப்படியானால் நஞ்சு எங்கிருந்து வந்தது? 27 ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் நான். நாள்தோறும் என் வாயில் புழங்கிய 'டோஸ்' என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கு அதுவே பெயராகி லத்தீனுக்கும் போனது. ஜெர்மானியர் அதைத் தங்கள் மொழியில் 'கிஃப்ட்' என்று பெயர்த்துக்கொண்டார்கள். அப்புறம், உயிரைப் போக்கக் கொடுத்ததையும் வெளிப்படையாகச் சொல்லக் கூசி அதே சொல்லால் குறித்தார்கள். செத்தவரைத் 'துஞ்சினார்' என்பதை நம் இலக்கணம் மங்கலம் என்கிறதே, அந்த வழக்குதான் இதுவும். நாளடைவில் நஞ்சே நிலைத்துவிட்டது. பரிசுக்கு அவர்கள் 'கெஷெங்க்' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'பாய்சன்' கூட லத்தீனில் வெறும் 'குடிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

சுவீடிஷ் மொழியைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அங்கே இதே எழுத்துக்களை 'யிஃப்ட்' என்று உச்சரிக்கிறார்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் நஞ்சு, பெயரடையாக வந்தால் 'மணமான' என்று பொருள். பெண்ணைக் கொடுப்பது என்கிறோமே, அந்தக் கொடுப்பதுதான் இங்கே மணமானது. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பரிசைக் குறிக்கவில்லை, மணமகளுக்காகத் தரும் விலையையே குறித்தது. 'பரிசு' என்ற இன்றைய அர்த்தம் வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழி வழியாக வந்தது.

ஜெர்மன் படிக்கும் என் பேத்தி உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். அடுத்த இதழில் திருத்தம் வந்தால் பக்கத்திலேயே அதையும் ஒட்டச் சொல்வேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருச்சி