அந்தத் தொப்பி பான் ஸ்காட்டுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவில் பாடிய பான் ஸ்காட்டுக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கியிருந்தீர்கள். 'பேக் இன் பிளாக்' பாடிப் புகழின் உச்சிக்குப் போய், குடித்தே செத்த ஏசி/டிசி பாடகர் என்று. பக்கத்தில் தட்டைத் தொப்பி போட்ட ஒருவரின் படம்.

பான் ஸ்காட் இறந்தது 1980 பிப்ரவரி 19. அந்த ஆல்பம் வந்தது அதே ஆண்டு ஜூலையில். செத்தவர் எழுந்து வந்து எந்த ஸ்டுடியோவில் பாடினார் என்று விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். பாடியவர் அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஜான்சன், தொப்பிக்காரரும் அவரேதான். அட்டை முழுக்கக் கறுப்பாக இருப்பதே பான் ஸ்காட்டுக்குத் துக்கம் காட்டத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பிழை பார்ப்பவர் விடுப்பில் இருந்திருப்பார். 2017ல் அதே குழுவின் கிதார்காரர் மால்கம் யங் இறந்தபோது உயிரோடு இருக்கிற தம்பி ஆங்கஸின் படத்தைப் போட்டு அஞ்சலி செலுத்தினீர்களே, அன்றைக்கும் அவர் விடுப்புதான் போலிருக்கிறது. அப்போது நான் எழுதிய கடிதம் என்ன ஆனது என்று இனிமேல் கேட்கப் போவதில்லை. விலையை இரண்டு முறை ஏற்றினீர்கள், இசைப் பக்கத்தைப் பாதியாக்கி ராசிபலனுக்குக் கொடுத்தீர்கள், அதற்கும் பேசாமல்தான் இருந்தேன்.

சரி, 'குடித்தே செத்த' என்பதற்கு வருகிறேன். பொய் என்று சொல்லவில்லை. லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் 33 வயதில் உயிர் போனது, குடிதான் காரணம் என்று மரண விசாரணையும் சொன்னது. ஆனால் அந்த மனுஷன் அதற்கு முன்னால் வேறு ஒன்றுமே செய்யவில்லையா? ஸ்காட்லாந்தில் பிறந்து ஆறு வயது வாக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய குடும்பம். ஃப்ரீமேன்டிலில் பேக்பைப் குழுவில் டிரம் அடித்த பையன். வேலன்டைன்ஸ் என்று ஒரு குழு, கலைந்தது. ஃபிராடெர்னிட்டி என்று இன்னொன்று, இங்கிலாந்து வரைக்கும் போய்த் தோற்றுத் திரும்பியது. அப்புறம் அடிலெய்டில் உரத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார், மோட்டார் சைக்கிள் விபத்தில் மூன்று நாள் கோமாவில் கிடந்தார். அதே ஆண்டு, 1974ல், ஏசி/டிசியில் சேரும்போது வயது 28, பக்கத்தில் கிதாருடன் நின்ற ஆங்கஸுக்கு 19. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பும் வயதில் அவர் முதல் படியில் கால் வைத்தார்.

1976ல் வந்த 'டர்ட்டி டீட்ஸ்' ஆல்பத்தில் 'ரைடு ஆன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அமெரிக்க கம்பெனிக்கு ஆல்பம் பிடிக்கவில்லை, அவர் செத்த பிறகு, 1981ல்தான் அங்கே வெளியிட்டார்கள். கூச்சல் இசை என்று நீங்கள் முன்பொரு முறை எழுதினீர்களே, அதே குழுதான். இந்தப் பாட்டில் கூச்சலே கிடையாது. மெதுவான ப்ளூஸ், கிட்டத்தட்ட ஆறு நிமிடம், காலி பாட்டில், காலிப் படுக்கை, ஒருநாள் திருந்துவேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற ஒருவன். தன் குடியையும் தனிமையையும் சாவதற்குச் சுமார் நான்கு வருடம் முந்தியே, உங்களைவிட நேர்மையாக அவரே பாடி வைத்துவிட்டார்.

இதை எனக்குக் கேட்க வைத்தவர் என் அண்ணன். லாரி ஓட்டினார். எண்பதுகளின் கடைசியில் ரெக்கார்டிங் சென்டரில் காசு கொடுத்து அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வந்தார். இந்தப் பாட்டின் நடுவிலேயே பக்கம் தீர்ந்து டேப் 'டக்'கென்று நின்றுவிடும், கடைசியில் வரும் கிதாரை சிடி வாங்கிய பிறகுதான் கேட்டேன். அதற்குள் அண்ணன் இல்லை. முப்பத்தெட்டு வயது. சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உங்கள் 'குடித்தே செத்த' என்பதைத்தான் சொன்னார்கள், ஒரு சொல் மாறாமல். தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று வருடம் ராத்திரி பகலாக வண்டி ஓட்டியதை யாரும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தைப் படித்ததும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்பது தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம், முடிந்தால் ராசிபலனுக்குக் கீழே இல்லாமல். படம் போடுவதாக இருந்தால் தொப்பி இல்லாத ஆளாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
1991 முதல் சந்தா கட்டும் வாசகன்,
கோயம்புத்தூர்