இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஃபர்ம்வேர் அப்டேட் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு ரவுட்டரின் வைஃபை எட்டாமல், மாடிக்கோ கடைசி அறைக்கோ இரண்டாவதாக ஒன்றை எங்களிடம் வாங்கி மாட்டியவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரே ரவுட்டர் வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, அப்டேட் செய்த மறுநாள் எங்களுக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "வீட்டில் பாதிப் பேருக்கு நெட் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை." ரவுட்டர் போய்விட்டதென்று கழற்றி எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் ரவுட்டரில் பழுது இருக்காது. செட்டிங்ஸ் அழிந்திருக்கும், அவ்வளவுதான்.

பல வீடுகளில் அமைப்பு இப்படி இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) ஒரு கேபிள் புறப்பட்டு இரண்டாவது ரவுட்டரின் லேன் போர்ட்டில் வந்து சேரும். இரண்டாவதில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல மாற்றி வைத்திருப்போம். டிஹெச்சிபி என்பது போன், டிவி, மடிக்கணினி என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு வீட்டில் அந்த வேலையை ஒரு ரவுட்டர்தான் பார்க்க வேண்டும்.

சில அப்டேட்கள் பழைய செட்டிங்ஸைத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த புதுசுபோல ரவுட்டரை எழுப்பும். அப்போது இரண்டாவது ரவுட்டரின் டிஹெச்சிபி மறுபடி உயிர்பெற்றுவிடும். உங்கள் போன் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கேட்டால் இரண்டு ரவுட்டரும் பதில் சொல்லும். பெரும்பாலும் முந்திக்கொண்டவரின் பதில்தான் எடுபடும். முதல் ரவுட்டரிடம் வாங்கிய போனுக்கு நெட் வரும். இரண்டாவதிடம் வாங்கிய போனுக்கோ வெளியே போகும் வழியாக இரண்டாவது ரவுட்டரே காட்டப்பட்டிருக்கும். வெளி இணையம் வந்து சேரும் அதன் வான் (WAN) போர்ட்டில்தான் எதுவுமே செருகப்படவில்லையே! போதாததற்கு இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரிக்கு வந்து நின்றுவிட்டால், எந்த ரவுட்டரின் பக்கம் திறக்கிறது என்றே புரியாது.

இதைச் சரிசெய்ய, இரண்டு ரவுட்டரையும் இணைக்கும் கேபிளை முதலில் பிடுங்குங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதை இரண்டாவதோடு மட்டும் கேபிளால் இணையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போய், முகவரியை மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் தானாக அணைந்து எழலாம். புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுவிட்டு, பழைய கேபிளைச் செருகுங்கள். அப்புறம் போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

இவ்வளவு தொல்லை இருக்கிறதென்றால் அப்டேட்டே வேண்டாமே என்று தோன்றும். 2017 அக்டோபரில் க்ராக் என்ற ஓட்டை வெளியானது. வைஃபையைக் காக்கும் டபிள்யூபிஏ2 முறையிலேயே இருந்த குறை அது. முக்கியமாக அடிவாங்கியது ரவுட்டரோடு இணையும் கருவிகள்தான். அதாவது போன், மடிக்கணினி போன்றவை. ஆனால் ரிப்பீட்டராக, அதாவது கேபிள் இல்லாமல் முதல் ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து மறுபடி பரப்புவதாக, ஓடும் ரவுட்டரும் முதல் ரவுட்டருக்கு ஒரு போன் மாதிரிதான். ஆகவே அப்போது அவசரமாக அப்டேட் வேண்டியிருந்தவற்றில் அப்படி ஓடும் இரண்டாவது ரவுட்டரும் ஒன்று. முதலாவதை இணைய நிறுவனம் தூரத்திலிருந்தே அப்டேட் செய்துவிடுவது உண்டு. இரண்டாவதைக் கவனிக்க உங்களைத் தவிர யாரும் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேன் போர்ட்டுக்கு லேன் போர்ட் என்று மாட்டியிருந்தால், வீட்டுக்கே நெட் வந்தாலும் அந்த இரண்டாவது ரவுட்டருக்கு மட்டும் வெளியே போகும் வழி பெரும்பாலும் தெரியாது. அதனால் "அப்டேட் இருக்கிறதா" என்ற பட்டனை அழுத்தினால் பிழைச்செய்தி வரும். சில மாடல்களில் சும்மாவே இருக்கும். அதை வைத்துப் புதிது எதுவும் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஃபைலை இறக்கி, கையால்தான் ஏற்ற வேண்டும். ரவுட்டரை வைஃபை பரப்ப மட்டும் பயன்படுத்தும் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று தனியாக இருந்து அதில் ஓட்டினால் இந்தச் சிக்கல் பொதுவாக வராது. அந்த மோடு இருப்பவர்கள் அதற்கே மாறிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

ஃபைலை எடுக்கும்போது மாடல் எண் மட்டும் பார்த்தால் போதாது. லேபிளில் ஹார்டுவேர் வெர்ஷனும் இருக்கும். ஒரே பெயரில் வெர்ஷன் 1, 2, 3 என்று விற்றிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். தவறான ஃபைலைப் பல ரவுட்டர்கள் தாமே மறுத்துவிடும், ஆனால் அதை நம்பிக் கையை வைக்காதீர்கள். ஜிப்பாக வந்தால் விரித்து, உள்ளே இருக்கும் ஃபைலைத்தான் ஏற்ற வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை இரண்டாவதை முதலில், முதலாவதைக் கடைசியில் செய்யுங்கள். இரண்டாவது சொதப்பினாலும் நெட் இருக்கும், தீர்வு தேடலாம், எங்களையும் கூப்பிடலாம். நாங்களே ஒருமுறை அவசரத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டு, மாலை முழுவதும் எது எங்கே நிற்கிறது என்று தேடியிருக்கிறோம். வைஃபை வழியாக ஏற்ற வேண்டாம். ரிப்பீட்டராக இருந்தாலும் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேபிள் போடுங்கள். ஏற ஆரம்பித்ததும் விளக்குகள் கண்டபடி சிமிட்டும். பழையதை அழித்துப் புதியதை எழுதும் நேரம் அது. மின்சாரம் போனால் ரவுட்டர் எழாமலே போகலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடியாததுபோலத் தெரிந்தாலும் 10 நிமிடமாவது தொடாமல் இருங்கள்.

தொடங்கும் முன் செட்டிங்ஸ் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் ஃபைலும் எடுக்கலாம், ஆனால் பழைய பேக்கப்பைப் புது ஃபர்ம்வேர் ஏற்காமல் போவதும் உண்டு. முதல் ரவுட்டரில் இணைய நிறுவனத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டிருந்தால் அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

ஒரே நிறுவனத்தின் மெஷ் செட் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. அதன் செயலியே எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிடும்.

எந்த வெர்ஷன் என்று புரியாவிட்டால் லேபிளைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். அதிலேயே வைஃபை கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு படம் எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்