மீட்டர் போர்டைக் கழற்றும் முன்: நீலகிரி வாடகை வண்டி ஓட்டுநர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஸ்டீயரிங் முன்னால் வேகம், சூடு, எண்ணெய் அளவு காட்டும் மீட்டர் போர்டில் முள் படுத்துவிட்டால் "மீட்டர் போர்டு போச்சு, பழசு ஒண்ணு பார்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லித்தான் வண்டியை விடுகிறீர்கள். போர்டை மாற்றிய பிறகும் அதே கோளாறு வருகிறது, சண்டையும் வருகிறது. மலையில் ஓடும் வண்டிக்கு போர்டைவிட எர்த்தும் (பாடியோடு சேரும் நெகட்டிவ் ஒயர்), ஒயர்களைப் போர்டில் மாட்டும் கப்ளரும்தான் முதலில் போகும். மஞ்சும் மழையும் இறங்கி கப்ளரின் பின்களில் பச்சை பூத்துவிடும். அதனால் சோதிக்காமல் மாற்றச் சொல்லாதீர்கள்.

சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஒன்றும் எரியாமல் எல்லா முள்ளும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸ், கரண்ட், எர்த் இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு முள் மட்டும் என்றால் அதன் சென்சார், ஒயர், இல்லையேல் முள்ளை ஆட்டும் குட்டி மோட்டார். செல்ஃப் அடிக்கும்போது முட்கள் துள்ளினால் பேட்டரியைச் சோதியுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது.

"கப்ளர்ல 12 வோல்ட் காட்டுது, ஒயர் சரிதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் மல்டிமீட்டரில் 12 காட்டும். கப்ளரின் பேட்டரி பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் பழுது போர்டுக்கு வெளியேதான்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது இன்ஜினைக் காப்பாற்றுவது அதுதான். புது வண்டிகளில் ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு தெரியும். ஸ்கேனரில் 90 டிகிரி காட்டி முள் அசையாவிட்டால் போர்டிலோ அதற்கு வரும் ஒயரிலோ பழுது. ஸ்கேனரிலேயே மைனஸ் 40 என்று வந்தால் சென்சாரோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது, போர்டு பாவம். ஆனால் முள் நடுவில் நிற்பதாலேயே நிம்மதி அடையாதீர்கள். பல வண்டிகளில் சூடு ஏறினாலும் கொஞ்ச தூரம் வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினால் முள் கீழேகூட இறங்கும். ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடிக்காவிட்டால் முள் எச்சரிக்கும் முன்பே கொதி வந்துவிடும்.

பழைய ஜீப், ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: போர்டில் பேட்டரி படம் போட்ட சார்ஜ் லைட் பல்பு ஃபியூஸ் ஆனால் அலட்சியம் வேண்டாம். பல வண்டிகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. அங்கே எல்இடி மாட்டினாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

போர்டுதான் பழுது என்று உறுதியானால், கழற்றும் முன் கிலோமீட்டரைப் போட்டோ எடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள், ஏர்பேக் இருக்கிறது. முள்ளில் கை படக் கூடாது. பழைய போர்டு வாங்கினால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். பழைய ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) போர்டுக்குள்ளேயே இருக்கும். அந்த வண்டிக்கு ஏற்பக் கோடிங் செய்யாமல் வேறு போர்டை மாட்டினால் இன்ஜின் பிடித்த ஓரிரு நொடியில் நின்றுவிடும்.

வேறு வண்டியின் கிலோமீட்டரோடு போர்டு வந்தால், மாற்றிய தேதியையும் இரண்டு எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஓட்டத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி எங்களிடம் வராதீர்கள், செய்து தரமாட்டோம். கழற்றிய போர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி மோட்டாரோ சால்டரோ மட்டும் போயிருந்தால் அதைச் சரிசெய்து திரும்பவும் மாட்டலாம்.

இப்படிக்கு,
மலைப்பாதை வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள்