அந்த 5 மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்

பல்கலைக்கழக இயற்பியல் பாடக்குழுவினருக்கும் தேர்வுப் பிரிவினருக்கும்,

வணக்கம். காசிமேட்டில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். எந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். ‘ஒரு லாரன்ஸ் பூஸ்டைத் தொடர்ந்து இன்னொரு பூஸ்ட் செய்தால் கிடைப்பதும் பூஸ்ட்தான் என்று நிரூபி.’ பூஸ்ட் என்றால், அச்சுகளைத் திருப்பாமல், சீரான வேகத்தில் போகிற இன்னொருவரின் அளவைகளுக்குச் சார்பியல்படி மாறுவது. இந்தக் கேள்விக்காக இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

இரண்டும் ஒரே திசையில் இருந்தால் அது உண்மை என்று என் மாணவி ஒருத்தி நிரூபித்தாள். திசை மாறினால் அது உண்மையல்ல என்றும் காட்டினாள். பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்.

விடைத்தாள் நகல் என் கையில் இருக்கிறது. ஒரு குறிப்பாயம், அதாவது இடத்தையும் நேரத்தையும் அளக்கிற ஓர் அச்சுத் தொகுதி, நம்மைப் பொறுத்துக் கிழக்கே 0.6 ஒளிவேகத்தில் போகிறது. அதைப் பொறுத்து இன்னொன்று வடக்கே அதே 0.6 வேகத்தில் போகிறது. நமக்கு அந்த மூன்றாவது கிழக்கே 0.6, வடக்கே 0.48, மொத்த வேகம் 0.768. கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 38.7 டிகிரி சாய்ந்து போகிறது. சரி, அங்கிருந்து பார்த்தால் நாம் எப்படிப் போகிறோம்? தெற்கே 0.6, மேற்கே 0.48. மேற்கிலிருந்து தெற்கே 51.3 டிகிரி. அச்சுகள் இணையாக இருந்திருந்தால் இரண்டும் நேரெதிர்த் திசையாக அல்லவா இருக்க வேண்டும்? சுமார் 12.7 டிகிரி இடிக்கிறது. யாரும் எதையும் திருப்பவில்லை, ஆனாலும் அச்சுகள் திரும்பிவிட்டன. பூஸ்டோடு ஒரு சுழற்சியும் சேர்ந்து வருகிறது என்று அவள் முடித்திருக்கிறாள். ஒரு தசமம்கூடத் தப்பில்லை. அதன் மேல் சிவப்புக் கோடு.

அந்த 5 மதிப்பெண் கிடைத்திருந்தால் அவள் பாஸ். இப்போது அரியர். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட, விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க வைத்திருந்த முதலிலிருந்து அவளுடைய அம்மா எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குக் கூடை பாதிதான் நிறைந்தது. உங்களிடமிருந்து வந்த பதில், ‘மாற்றமில்லை’. ஏன் என்று ஒரு வரி கிடையாது. ‘நான்தான் தப்பா எழுதிட்டேனா சார்?’ என்று என்னிடம் வந்து கேட்டாள். சரியாக எழுதிய பிள்ளை தன் மேலேயே சந்தேகப்பட்டு நிற்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த 5 மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

இது புதுச் சங்கதியும் இல்லை. அணுவின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு பிரிகின்றன என்று எலெக்ட்ரான் தற்சுழற்சியைச் சேர்த்துப் போட்ட கணக்கு ஆய்வில் கண்டதைவிட இரண்டு மடங்காக வந்தபோது, 1926-இல் இயற்பியலாளர் லெவெலின் தாமஸ் அச்சுகளின் இந்தச் சுழற்சியைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார். விடையைப் பாதியாக்குகிற அந்த அரைப் பங்கை அணு இயற்பியல் தாளில் நீங்களே பிள்ளைகளை எழுதச் சொல்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தானாகக் கண்டுபிடித்து எழுதினால் அடிக்கிறீர்கள். வகுப்பில் எல்லாம் எக்ஸ் அச்சிலேயே தொடங்கி எக்ஸ் அச்சிலேயே முடிகிறது. வருடா வருடம் அதே நோட்ஸ், அதே விடைக்குறிப்பு. யோசிக்காமல் ஒப்பித்தவனுக்கு முழு மதிப்பெண். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்துப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பது இதைத்தானா?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் ஒருவர் அந்த விடைத்தாளை எடுத்து, பேனாவும் தாளுமாகப் பத்து நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். இதே போல எழுதி அடிபட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் மதிப்பெண் கொடுங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசி வரை நேரமிருக்கிறது. அதற்குள் செய்து கொடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியர்