மூன்றாம் பாகத்தைத் தேடித் தந்தவர்களுக்கு

சோழவந்தான் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குத் தோள் கொடுத்த அண்ணன்மார், அக்காமார், ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

இந்த விஜயதசமியோடு படிப்பகம் திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு வந்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் தீபாவளித் துணி தலைக்கு மேல் கிடக்கிறது. ஜாக்கெட் மட்டும் அறுபதுக்கு மேல் பாக்கி. தையல் மிஷினை விட்டு எழ முடியாததால் இந்த மடலை எழுதுகிறேன், குறையாக நினைக்க வேண்டாம்.

முதன்முதலில் வந்த புத்தகங்களைப் பற்றிச் சொன்னால்தான் நீங்கள் செய்தது எவ்வளவு பெரிது என்பது விளங்கும். அப்பா காலமான பிறகு பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னறையைப் படிப்பகம் ஆக்கலாம் என்று முடிவானதும், ஒரு நிறுவனத்தார் ஆறு சாக்கு கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். சாக்கைப் பிரித்தால் பழைய பாடத்திட்டத்து கைடுகள், பென்சிலில் விடை குறித்த மாதிரித் தேர்வுத் தாள்கள், விற்காமல் போன விளம்பர மலர்கள். கதை என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆசையாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "படம் போட்ட புக்கு அடியில இருக்கும் அத்தை" என்று ஆறாவது சாக்கு வரைக்கும் தோண்டினாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கிராமத்துக்கு இது போதும் என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து நினைத்திருக்கிறார் என்பதுதான் வலித்தது.

மறுநாள் காலையில் விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா. எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். சாக்குகளை ஒரு பார்வை பார்த்தார். "புத்தகத்துக்கு லிஸ்ட் போடாதே தாயி. முதல்ல ஆளுக்கு லிஸ்ட் போடு" என்றார். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வைத்தாராம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்று அதில் வருகிறதாம். அதே 1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்றும் சொன்னார். வண்டி கட்டிக்கொண்டு போன காலம் அது. நமக்கு இருக்கிற இடத்தில் நாலு அலமாரி வைக்க வலிக்குமா என்று கேட்டார்.

இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஆட்களை எழுதினோம். வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிறவர்கள், காளை வளர்க்கிற பையன்கள், கல்லூரிக்கு மதுரை போய்வருகிற பெண்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பட்டா விஷயமாக அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள், எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பத்தாக்கள். ஒவ்வொரு பேருக்கும் நேரே என்ன புத்தகம் வேண்டியிருக்கும் என்று ஐயா எழுதினார். ஐயா, அந்த நோட்டுதான் இன்றைக்கும் எங்களுக்கு வரைபடம். இப்போது இருக்கும் 640 புத்தகத்தில் பெரும்பாதி அந்தப் பக்கங்களைப் பார்த்துத் தேடியவை.

மதுரையில் வங்கி வேலை பார்க்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. இருபது வருடமாகச் சேர்த்த நாவல்களிலிருந்து 118ஐ எடுத்துக் கொடுத்தீர்கள். "பிடிக்காததைக் கொடுக்கல தங்கச்சி, பிடிச்சதைத்தான் கொடுக்கிறேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். 2011இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய காவல் கோட்டம் அதில் இருந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். யார் தூக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நம் மதுரைச் சீமையின் கதை என்று தெரிந்ததும் மூன்று பெரியவர்கள் முறை வைத்து வாங்கிப் போகிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் தென்னங்குச்சியை அடையாளம் வைத்தால் அடுத்தவர் அதை எடுப்பதில்லை. ஒரே புத்தகத்துக்குள் மூன்று குச்சி நிற்கிறது.

சி.சு. செல்லப்பாவின் வாடிவாசலும் உங்கள் புத்தகக் கட்டோடுதான் வந்தது. ஜல்லிக்கட்டுக் கதை, கையடக்கமான புத்தகம். காளை வளர்க்கிற தம்பி ஒருவன், பள்ளிக்கூடத்தை விட்டபின் எதையும் படித்தவனில்லை, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தான். முடித்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரிக்குப் போய், "இது மாதிரி வேற இருக்கா அக்கா" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருடமாக நாம் எல்லோரும் பாடுபட்டோம் அண்ணே.

கதைப் புத்தகம் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு, பொது அறிவெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்கு ஆதரவாக நின்றவர் எங்கள் நூலகர் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்து வரவுப் பதிவேடு எழுதுவது எப்படி, முதுகுப்பக்கம் எண் ஒட்டுவது எப்படி, கடன் சீட்டு எப்படி வைப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நாங்கள் கட்டுகிறோம் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். 1948இலேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து நாட்டுக்கு வழிகாட்டியது என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

உங்கள் யோசனையால்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2023 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில் திறந்தது. குழந்தைகள் பகுதியில் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிய அன்றே படக்கதைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். ஆறாவது சாக்கு வரை தோண்டிய அந்தக் குட்டிதான் மாற்றி அடுக்கினாள்.

இனி பைண்டிங் கடை அண்ணன். மாசி வீதிப் பக்கத்துச் சந்தில் உங்கள் கடை வாசலில் நான் 43 கிழிந்த புத்தகத்தோடு வந்து நின்றபோது, துணிக்கும் நூலுக்கும் மட்டும் காசு கொடும்மா என்றீர்கள். மெழுகு தடவிய நூலால் கட்டுக் கட்டாகத் தைத்து, முதுகில் பசை போட்டு, காலிகோத் துணி ஒட்டி, பலகைக்கு நடுவே வைத்து இறுக்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் தையலைவிட உங்கள் தையல் நேர்த்தி, மனதாரச் சொல்கிறேன். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை நீலமாக எதையோ போட்டீர்கள். கேட்டதற்கு மயில்துத்தம், தாமிர உப்புதான், பூச்சி வராது என்றீர்கள்.

இதை ஊருக்கு வந்து சொன்னபோது கொடிக்கால் பெரியப்பா ஒருவர் சிரித்தார். "அதைத்தானே நாங்க சுண்ணாம்போட கலக்கி வெத்தலைக்கு ஊத்துறோம்" என்றார். அதற்குப் பேர் போர்டோக் கலவை. கொடியில் வாடல் நோய் வந்தால் வேர்ப் பக்கம் ஊற்றுவது. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் தம்பி கொடுத்த பயிர்ப் பாதுகாப்புப் புத்தகத்தில் அது ஏன் வேலை செய்கிறது என்று இருந்தது. பூஞ்சைதான் காரணம், தண்ணீர் தேங்கினால் பரவும், தாமிரம் அதை அடக்கும் என்று பெரியப்பா தன் மகனை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலையை வளர்க்கிறவர் கையில் அவர் தொழிலைப் பற்றிய புத்தகம் ஒன்று வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. தம்பி, அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டுமே உனக்குத் தனி மடல் எழுத வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய சிறு நூலைக் கொடுத்த வக்கீல் அம்மாவுக்கும் நன்றி. அதைப் படித்துவிட்டு ஒருவர் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு, கண்மாய் அளவு பற்றிய பதிலை வாங்கிவிட்டார். அலமாரி அடித்துக் கொடுத்த ஆசாரி அண்ணன், அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையான் ஏறும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். இந்த மழையில் உங்கள் பேச்சின் அருமை தெரிந்தது. வசம்பு இடித்துக் கொடுத்த மதினிக்கும், அட்டை போட்ட கல்லூரிப் பெண்களுக்கும் நான் கடன்பட்டவள்.

கடைசியாக மூன்றாம் பாகம். வெற்றிலை கிள்ளப் போகிற அக்கா ஒருவர், எட்டாவதோடு படிப்பு நின்றவர், பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்துப் போனார். இருபது நாளில் முடித்தார். இரண்டாம் பாகம் பதினைந்து நாள். எங்களுக்கு வந்த கட்டில் நாலும் ஐந்தும் இருந்தன, மூன்று இல்லை. ஞாயிறுதோறும் வேலை முடிந்து, கிள்ளிக் கிள்ளிக் கறுத்த கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "மூணு வந்துருச்சா தாயி" என்று வாசலில் நின்று கேட்பார். நாலைப் படிக்கச் சொன்னால் தலையை ஆட்டிவிடுவார். நடுவில் ஒரு பாகத்தைத் தாண்டிப் போவது அவருக்குச் சம்மதமில்லை.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதிலிருந்து பல பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் தனிப் பாகம் கேட்டால் செட்டாக வாங்கிக்கொள் என்கிறார்கள். பழைய புத்தகக் கடை அண்ணனிடம் சொல்லி வைத்தேன். ஏழு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. "கொலைவாள் மாட்டிக்கிச்சும்மா, பஸ்ல கொடுத்து விடுறேன்." கொலைவாள் என்பதுதான் மூன்றாம் பாகத்தின் பேர். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். கண்டக்டர் தம்பி மழையில் நனையாமல் இருக்க டிக்கெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இருட்டிய பிறகு எங்கள் ஸ்டாப்பில் இறங்கி என் கையில் கொடுத்தான். முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி இருந்தது. யாரோ ஒரு அண்ணன் தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பரிசாக எழுதிக் கொடுத்தது. அதன் மேல் எங்கள் முத்திரையைக் குத்த எனக்கு மனசு வரவில்லை, கடைசிப் பக்கத்தில் குத்தினேன்.

அக்காவின் வீட்டுக்கு அந்த ராத்திரியே கொண்டுபோனேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது ஐந்தாம் பாகம் அவரிடம் இருக்கிறது, கார்த்திகைக்குள் முடித்துவிடுவார். அடுத்து அவருக்கு எதைக் கொடுப்பது என்று ஐயாவும் நானும் நோட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் விரும்பிப் படித்த நல்ல நீள நாவல் ஏதாவது வீட்டில் இருந்தால், எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
படிப்பகத்துத் தையல்காரி