கேட்க வேண்டியதும் கழிக்க வேண்டியதும்

திருகோணமலை
தை மாதம்

அன்பின் மச்சான் குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று அறிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை மாரி நீண்டுவிட்டது. உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கைகளில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. தம்பிக்குக் கிண்ணியாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. மற்ற ஊர்ப் புதினம் எல்லாம் அக்கா போனில் சொல்லியிருப்பா, அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

நீ வேலை செய்கிற டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எங்கட ஆக்களுக்கு என்ன குறை, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், கணினி படிப்பிக்கிற இரண்டு ரீச்சர்மார், என்.சி. வீதியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிற அண்ணர் என்று எல்லோரிடமும் கேட்டேன். பிள்ளைகள் கேட்டது பெரும்பாலும் விளையாட்டும் வீடியோ வெட்டுகிற மென்பொருளும். அவற்றில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கின்றன, காட்டிக் கொடுத்தேன். உனக்கு எழுதவேண்டியது அண்ணரின் கதை.

அவரிடம் பல வருசத்துக் கோப்புகள் கிடக்கின்றன: கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், கிராம சேவகருக்கு எழுதிய கடிதங்கள், எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிற பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. லினக்ஸ் போட்ட கணினியில் லிப்ரே ஆபீசில் அவற்றைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி. "பாமினியையும் உள்ளே போட்டுவிடச் சொல்லுங்கோ" என்பதுதான் அவருடைய கோரிக்கை.

அது நடக்காது என்று உனக்கும் தெரியும். உரிமம் தெளிவில்லாத எழுத்துருவை டெபியனின் முதன்மைப் பகுதியில் சேர்க்க மாட்டார்கள். 1997இல் வகுத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகள் அதற்கு இடம் கொடுக்காது. அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அண்ணரின் தேவை உண்மையானது. அவரோடு இருந்து ஆறுதலாகக் கதைத்தபோதுதான் அந்தத் தேவை இரண்டாகப் பிரிந்தது. பழைய கோப்புகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். இனிமேல் அடிப்பதைப் பழகிய விரல்களோடே யுனிகோடில் அடிக்க வேண்டும்.

முதலாவதற்கு ஓப்பன் தமிழ் என்ற பைதன் நூலகத்திலேயே பாமினியை யுனிகோடாக்குகிற நிரல் உண்டு, உரிமமும் எம்.ஐ.டி. அதை ஒரு கோப்பைக் கொடுத்தால் மாற்றித் தருகிற சிறிய கட்டளையாக நிறுவக்கூடியதாக இருந்தால் அண்ணருக்குப் போதும். இரண்டாவது ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாமினியில் அடித்துப் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை அதிகம் வித்தியாசம் இல்லை. இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தமிழ் விசைப்பலகைத் தரமும் அதுதான். பல மொழிகளில் தட்டச்ச உதவுகிற ஐபஸுக்குப் பின்னால் வேலை செய்கிற எம்17என் தரவுப் பாக்கேஜுக்குள்ளே (பாக்கேஜ் என்றால் நிறுவுகிற மென்பொருள் பொதி) அது, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்கிற பல மொழி அட்டவணைகளோடு ஒன்றாக இருக்கிறது. இருந்து என்ன, யாருக்குத் தெரியும்? எங்கட ஆக்கள் நிறுவும்போது மொழி ஆங்கிலம் என்றுதான் தெரிவு செய்வார்கள். பிறகு தமிழுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். பாக்கேஜின் விவரணையில் அந்த விசைப்பலகையின் பெயரை ஒரு வரி சேர்த்தாலே தேடுகிறவனுக்கு அகப்படும். நான் எழுதப் போகிற முதல் கோரிக்கை அதுதான். புது மென்பொருள் ஒன்றும் இல்லை, ஒரேயொரு வரி.

மச்சான், கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று நன்றாக விளங்கிவிட்டது. எல்லோரும் சேர்க்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள். எடுத்துவிடு, ஒழுங்குபடுத்து, இதைப் பார்க்க ஆளில்லை என்று கேட்க ஒருவரும் இல்லை. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 ட்ரிக்ஸியில் மொத்தம் 69,830 பாக்கேஜுகள். அதில் 14,100க்கு மேல் புதிது. இதையே எல்லோரும் பேசுகிறார்கள். அதே வெளியீட்டில் 8,840க்கு மேற்பட்ட பாக்கேஜுகளைக் காலாவதி என்று கழித்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு யார் நன்றி சொன்னது? நிரல் மொழியான பைதனின் பழைய 2ஆம் பதிப்பை யோசித்துப் பார். அதற்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. அதை நம்பியிருந்த பாக்கேஜுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பைதன் 3க்கு மாற்றி அல்லது அகற்றித்தான் 12ஆம் வெளியீட்டில் அதை இல்லாமல் ஆக்கினார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்று உள்ளே கிடந்தால் முழு வீட்டுக்கும் கறையான்தான்.

கோரிக்கையால் ஒன்றும் நடக்காது என்று பெடியள் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு வைஃபை கதையைச் சொன்னேன். முந்தி டெபியன் நிறுவினால் பல மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. அந்த வன்பொருளை இயக்குகிற ஃபேர்ம்வேர் என்ற மென்பொருள் கட்டற்றது இல்லை என்பதால் நிறுவியில் வராது, தனியாகத் தேடி யூ.எஸ்.பி.யில் கொண்டுவர வேண்டும். ஆட்கள் வருசக்கணக்காக முறையிட்டார்கள். 2022இல் டெபியன்காரர் தங்களுக்குள் வாக்கெடுத்து, ஃபேர்ம்வேரை நிறுவியோடேயே தருவது என்று முடிவு செய்தார்கள். 12இலிருந்து அதற்கென்று தனிப் பகுதியும் உண்டு. எங்கட வகுப்பு மடிக்கணினியில் 12ஐப் போட்ட அன்றைக்கு வைஃபை தானாகவே பிடித்ததைப் பிள்ளைகள் பார்த்தவர்கள்தான். அந்த முறைப்பாடுகளின் பலன் அது.

ஆனால் எப்படிக் கேட்பது என்று பழக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில், வழுக்களை, அதாவது மென்பொருள் பிழைகளை, டெபியனுக்கு அறிவிக்கிற ரிப்போர்ட்பக் கட்டளையைக் காட்டினேன். எந்தப் பதிப்பு, எந்தெந்தச் சார்புப் பாக்கேஜுகள் என்பதை அது தானே சேர்த்துக்கொள்ளும். நாங்கள் எழுத வேண்டியது என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்பதைத்தான். தீவிரத்தைக் கேட்கிற இடத்தில்தான் பெடியள் எல்லோரும் ஆக உயர்ந்ததைத் தெரிவு செய்யப் பார்த்தார்கள். மறித்து விளக்கினேன். வெளியீட்டைத் தடுக்கிற அளவு தீவிரம் என்று பதிந்த வழு திருத்தப்படாமல் கிடந்தால், அந்தப் பாக்கேஜே அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகிற சோதனைக் கிளையிலிருந்து தானாக நீக்கப்படலாம். தமிழ் எழுத்துருவில் ஒரு எழுத்து வரவில்லை என்று கத்தப் போய், எழுத்துருவே இல்லாமல் போனால் யாருக்கு நட்டம்? விருப்பக் கோரிக்கைக்கு விஷ்லிஸ்ட் என்று தனி நிலை இருக்கிறது. அதில் போட்டால் மதிப்புக் குறைந்துவிடாது.

எழுத்துரு என்றதும் உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. தமிழ் எழுத்துருக்களை எல்லாம் ஒன்றாக இழுத்துவருகிற பாக்கேஜை வகுப்புக் கணினிகளில் போட்டேன். லிப்ரே ஆபீஸ் பட்டியலில் அவற்றில் சிலவற்றின் பெயர்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு தொடங்குகின்றன, ஒரு பிள்ளைக்கும் அவை தமிழ் எழுத்துருக்கள் என்று தெரியவில்லை. அது ஒரு பக்கம். கோயில் நோட்டீஸ் ஒன்றின் தலைப்பில் ௐ போட்டபோது ஒரு பழைய எழுத்துருவில் வெறும் பெட்டிதான் வந்தது. அந்த எழுத்து யுனிகோடுக்குள் வந்தது 2008இல். ஶ வந்தது 2005இல். அதற்கு முந்தி வரைந்த எழுத்துருவை யாரும் திரும்பத் தொடாவிட்டால் இவை எப்படி வரும்?

ஶ இன்னொரு தொல்லையும் தருகிறது. மாணவர் பட்டியலில் ஸ்ரீயில் தொடங்குகிற பெயர்கள் நிறைய. ஒருவர் ஸ போட்டு அடித்திருப்பார், இன்னொருவர் ஶ போட்டு அடித்திருப்பார். புது எழுத்துருவில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். ரீச்சர் தேடினால் பாதிப் பிள்ளைகள் இல்லை என்று காட்டும். இதற்கு எழுத்துருவைத் திருத்திப் பயன் இல்லை. உள்ளீட்டு அட்டவணைகள் எல்லாம் ஒரே வரிசையைத் தர வேண்டும். எந்த அட்டவணை எதைத் தருகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே சோதிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கச் சோதனைப் பத்தியும் எழுதி வைத்திருக்கிறேன்: ஶ்ரீ, க்ஷ, ௐ, ௹, தமிழ் எண்கள், கௌ என்பதை இரண்டு விதமாக அடித்தால் வருகிற வித்தியாசம் எல்லாம் அதில் உண்டு. டெபியனில் உள்ள ஒவ்வொரு தமிழ் எழுத்துருவிலும் அதை அச்செடுத்துப் பார்க்கப் போகிறோம்.

ஒரு வருத்தமான செய்தியும் இருக்கிறது. எங்களிடம் உள்ள ஆகப் பழைய கணினிகள் 32 பிட். டெபியன் 13இலிருந்து அவற்றுக்கு நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னலும் இல்லை. நன்கொடையாக வந்த பெட்டிகள், இன்னும் நன்றாக ஓடுகின்றன, மனம் கேட்கவில்லை. ஆனாலும் அந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கட்டியமைக்கவும் சோதிக்கவும் ஆள் வேண்டும். அதற்கு வராமல் தூரத்திலிருந்து "விடாதீர்கள்" என்று கேட்பது நியாயம் இல்லை. அவற்றில் 12ஐ வைத்துத் தட்டச்சுப் பழக்குகிறேன்.

ஆள் வேண்டும் என்ற இடத்தில்தான் உன் உதவி தேவை. பராமரித்தவர் கைவிட்ட பாக்கேஜுகள் அநாதை என்று பட்டியலில் போய், தரக் குழுவின் பொறுப்பில் நிற்கின்றன. அவர்கள் விழாமல் பிடித்துக்கொள்வார்கள். வளர்த்தெடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை. தமிழுக்குத் தேவையான ஏதாவது ஒன்றை அந்தப் பட்டியலில் இருந்தோ, "உதவி தேவை" என்று பராமரிப்பவர் கேட்டிருக்கிற பட்டியலில் இருந்தோ எடுத்துச் செய்ய விரும்புகிறேன். விவரணையைத் திருத்துவது, பழைய வழுக்களைச் சோதித்து மூடுவது, தேவையில்லாததைக் கழிக்கச் சொல்லி எழுதுவது எல்லாம் எங்களால் முடியும். ரீச்சர்மார் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவேற்றும் உரிமை எங்களிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. நாங்கள் செய்து அனுப்புவதை வடிவாகப் பார், பிழை இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பு, சரியாக இருந்தால் ஏற்று.

எதில் தொடங்கலாம் என்று உன் அபிப்பிராயத்தை எழுது. சோதனைப் பத்தியையும் இத்தோடு அனுப்புகிறேன். விட்டுப்போன எழுத்து ஏதும் இருந்தால் சேர்த்துவிடு. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
சிவா