பட் ஆண்டர்சனுக்கு ஒரு கடிதம்: பச்சை பெயின்டைத் தேய்த்தெடுத்த அந்த இரவு பற்றி

அன்புள்ள ஆண்டர்சன் ஐயாவுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஸ்கேல் மாடல் விமானங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. இப்போது என் மேசை மேல் இருப்பது உங்கள் பி-51டி மஸ்டாங் போர் விமானத்தின் மாடல். மூக்கைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட பட்டை, உடம்பில் பி6-எஸ், என்ஜின் மூடியில் ‘ஓல்ட் க்ரோ’ என்ற பெயர். 2024 மே 17 அன்று, 102 வயதில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். இருந்தாலும் இந்த விமானத்தைப் பற்றி வேறு யாருக்கு எழுதுவது?

இதைப் படிக்கும் நம்மவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணையில் வளர்ந்து, அமெரிக்கப் போர் விமானி ஆன பையன் நீங்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் லெய்ஸ்டனிலிருந்து, 357-ஆவது ஃபைட்டர் குரூப் என்ற போர் விமானப் பிரிவில், குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக ஜெர்மனி வரை போய் வந்தீர்கள். மொத்தம் 116 தடவை. ஒரு தடவைகூடப் பாதியில் திரும்பியதில்லை. வானில் வீழ்த்தியது பதினாறே கால் விமானங்கள். அந்தக் கால், நாலு பேர் சேர்ந்து வீழ்த்திய ஒன்றில் உங்கள் பங்கு. எதிரி விமானம் ஒன்றின் குண்டுகூட உங்கள் மஸ்டாங்கைத் தொடவில்லை. சக் யேகர் உங்கள் ஸ்குவாட்ரன் தோழர்; ஒலியை முந்திப் பறந்த அவர் பெயர்தான் உலகத்துக்கு அதிகம் தெரியும். ஆனால் மஸ்டாங் பிரியர்களிடம் கேட்டால் உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

விமானத்துக்கு ஏன் ஓல்ட் க்ரோ என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பதில் வைத்திருப்பீர்கள். குடிக்காத நண்பர்களிடம், வானத்திலேயே புத்திசாலியான பறவை காக்கை என்பீர்கள். குடிக்கிற நண்பர்களுக்கு அது ஒரு மலிவான கென்டக்கி விஸ்கியின் பெயர் என்று தெரியும். எனக்கு முதல் பதில்தான் பிடித்திருக்கிறது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வீடு எங்களுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஓல்ட் க்ரோவை மறுபடி பறக்கவிட்டவர்கள் பல பேர். கார் பந்தய அணி நடத்தும் ஜாக் ரௌஷ், ஒரு பி-51பி விமானத்தை போரில் உங்கள் முதல் சுற்றுப் பணியில் நீங்கள் ஓட்டிய விமானத்தின் பச்சை நிறத்தில், உங்கள் அடையாளங்களோடு தயார் செய்தார். நார்வேயில் ஸ்காண்டிநேவியன் ஹிஸ்டாரிக் ஃப்ளைட் என்ற குழு தன் பி-51டி-க்கு உங்கள் விமானத்தின் பெயரையே சூட்டி ஐரோப்பிய வானில் பறக்கவிட்டது. அவை வேறு மஸ்டாங்குகள்தான். அதனால் மதிப்பு குறைந்துவிடாது. வயதான பிறகும் உங்களைக் கூட்டிப்போய் அப்படிப்பட்ட விமானத்தில் உட்கார வைத்தார்கள், பறக்க வைத்தார்கள். பக்கத்தில் நின்று பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு மனிதர் போன பிறகு சிலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் 100-ஆவது வயதில், 2022 டிசம்பரில், அமெரிக்க விமானப்படை உங்களை மதிப்புறு பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தியது. அதுவும் பெரிய மரியாதைதான். ஆனாலும் மஸ்டாங்குக்கே உரிய மெர்லின் என்ஜின் உறுமுகிற ஒரு விமானத்தில், உங்கள் கண் முன்னாலேயே உங்கள் பெயரை எழுதிக் காட்டினார்களே, அதற்குத்தான் என் மனதில் முதல் இடம்.

என் மாடலுக்கு எந்த நிறம் என்று யோசித்தபோதுதான் அந்த இரவு நினைவுக்கு வந்தது. 1944 குளிர்காலம். உங்கள் பி-51டி அப்போது பச்சையாக இருந்தது. பனி விழ ஆரம்பித்திருந்தது. வெள்ளைத் தரைக்கு மேலே பச்சை பளிச்சென்று தெரியுமே, வெறும் உலோக நிறமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று உங்கள் மெக்கானிக்குகளிடம் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். நேரம் கிடைக்கும்போது செய்வார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் விமானம் முழுக்க வெள்ளியாக மின்னியது. ராத்திரி முழுக்கத் தூங்காமல், பெட்ரோலில் துணியை நனைத்து நனைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள். குளிரும் பெட்ரோலும் சேர்ந்து அவர்கள் கைத்தோல் உரிந்து சிவந்துபோயிருந்தது.

நான் ஒரு சாண் நீள இறக்கையில் தவறுதலாக விழுந்த பெயின்டைத் தின்னர் தொட்டுத் துடைப்பவன். ஐந்து நிமிஷத்தில் விரல் நுனி காந்த ஆரம்பித்துவிடும். ஒரு முழு மஸ்டாங்கின் இறக்கை 11 மீட்டருக்கு மேல். அதை டிசம்பர் குளிரில், வெறும் துணியால்!

அந்த மெக்கானிக்குகள்: ஓட்டோ ஹைனோ, மெல்வின் ஷூனமன், லியோன் ஸிம்மர்மன். இந்தப் பெயர்களை நீங்கள்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 116 தடவையும் பாதியில் திரும்பாமல் போய் வந்ததற்கு என்ஜினைக் கவனித்தவர்கள் காரணம் என்பது விமானிக்குத் தெரியும். கீழே நின்று கைதட்டுகிற கூட்டத்துக்குச் சொன்னால்தான் தெரியும். ஓட்டோ ஹைனோ பிற்காலத்தில் கலிஃபோர்னியாவின் ஓஹாயில் பெயர்பெற்ற மண்பாண்டக் கலைஞர் ஆனார் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இரவில் புண்ணான கைகள்தானே அப்புறம் களிமண்ணைப் பிடித்தன.

அதனால்தான் வெள்ளி என்று முடிவு செய்தேன். முதலில் முழுக்கப் பச்சை அடித்து, அதற்கு மேல் வெள்ளி பூசப்போகிறேன். துணி எட்டாத இடுக்குகளில், சக்கரக் குழியின் ஓரத்தில், தகடுகள் சேரும் கோடுகளில் பச்சை கொஞ்சம் தெரியும்படி விடுவேன். இருட்டில் அவசரமாகச் செய்த வேலை, அங்கங்கே மிச்சம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். போட்டோவில் அப்படி இல்லையே என்று மாடல் போட்டி நடுவர்கள் மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும்.

மாடலின் அடிப்பலகையில் பொதுவாக விமானியின் பெயரை மட்டும்தான் பொறிப்பார்கள். இதில் நான்கு பெயர்கள் இருக்கும், ஒரே அளவு எழுத்தில். நீங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் பலகைக்குச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு மாடல் விமானக்காரன்